இருக்கையில் ஆள் இல்லை

பாம்பன் பாலத்து ஏற்றத்தில்
முன்னால் போன சுற்றுலாப் பேருந்து நின்றது.
யாரோ ரயிலைப் படம் எடுக்க வேண்டுமாம்.
நானும் நின்றேன். பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தி
வழக்கம்போல் காலை எடுத்தேன்,
வண்டி தானே பிடித்துக்கொள்ளும் என்று.
பிடிக்கவில்லை.

ஒரு முழம் இருக்கும், பின்னால் உருண்டது.
கண்ணாடியில் ஒரு வேனின் முகம்
பெரிதாகிக்கொண்டே வந்தது.
கால் தானாகப் போய்ப் பெடலில் விழுந்தது.
வேன்காரர் திட்டியதைக்
கச்சான் காற்று கடலுக்குக் கொண்டுபோனது.
அந்த மட்டுக்கும் புண்ணியம்.

உச்சிப்புளியில் நம்புக்குமார் பட்டறை.
பேர்தான் அப்படி, எதையும் லேசில் நம்ப மாட்டான்.
"பட்டனை அமுக்குனீங்களா அக்கா?"
"அமுக்குனேன்."
"லைட் எரிஞ்சுச்சா?"
"எரிஞ்சுச்சு. அணைஞ்சுச்சு. திரும்ப எரிஞ்சுச்சு."
"வண்டி உருண்டப்ப?"
உருண்டபோது நான் பார்த்தது வேனை.

பேட்டரியில் மீட்டர் வைத்தான். பன்னிரண்டரை. சரி.
பியூஸ்களை ஒவ்வொன்றாய் உருவி
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுப்
பின்னால் போய் நின்றான்; மூன்று விளக்கும் சிவந்தன.
சக்கரத்துக்குள் தலையை விட்டு
சென்சாரில் உப்பைச் சுரண்டினான்.
மண்டபத்து வண்டிக்கெல்லாம்
இந்த வெள்ளை மீசை உண்டு என்றான்.
கதவைத் திறந்து மூடினான், திறந்து மூடினான்,
மூடியதை வண்டி ஒத்துக்கொள்கிறதா என்று.
ஒத்துக்கொண்டது.

அவன் கேட்காததை நான் சொல்லவில்லை.
பத்து நாளாய் டிங் டிங்கென்று ஒரு மணி
விட்டுவிட்டு அடித்ததை.
இலங்கை ரேடியோவை இரண்டு புள்ளி ஏற்றி
அதை மூழ்கடித்ததை.

ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகினான்.
அது யோசித்தது.
டீ வந்தது, குடித்தோம், இன்னும் யோசித்தது.
பிறகு திரையைப் படித்தவன்
என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
"பெல்ட் போடலைங்குது அக்கா.
பெல்ட் இல்லைன்னா
அதுக்கு நீங்க சீட்டுல இல்லாத மாதிரிதான்.
ஆளில்லாத வண்டிய அது எதுக்குப் பிடிச்சு வைக்கும்?"

எழுபத்திரண்டு கிலோ.
உட்கார்ந்துதான் இருந்தேன்.

கொக்கிக்குள் விரலைக் கொடுத்து
அவன் உருவி எடுத்தது ஒரு தகட்டுத் துண்டு,
ஓரமெல்லாம் துரு தின்றது.
ராமநாதபுரத்தில் வாங்கினேன், ஜோடி நூற்றிருபது.
பக்கத்து சீட்டில் நெத்திலி மூட்டையை ஏற்றினால்
மூட்டைக்கும் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும் வண்டி இது.
அதன் வாயை அடைக்கத்தான் வாங்கப் போனேன்.
ஒற்றையாய்க் கொடுக்க மாட்டேன் என்றான் கடைக்காரன்.
ஒன்று மூட்டைக்கு. இன்னொன்றை
ஏன் வீணாக்குவானேன்?

ஆக, இரண்டு வருஷமாய்
என் பெல்ட்டை இது போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
கருவாட்டு ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாய் அரித்துப்போய்
ஒரு குழியில் இருந்தேன், அடுத்த குழியில் இல்லை.
பாலத்தின் மேல்
சுத்தமாய் இல்லாமல் போயிருக்கிறேன்.

நம்புக்குமார் ஒன்றும் சொல்லவில்லை.
தகட்டைத் துணியில் துடைத்து
மீதிச் சில்லறைபோல் என் கையில் வைத்தான்.
பில்லில் எழுதினான்:
களஞ்சியம் அக்கா. கொக்கி சுத்தம் செய்தது, நூற்றைம்பது.

சாயங்காலம் அதே பாலம், அதே ஏற்றம்.
வேறு பேருந்து, வேறு யாருக்கோ வேறு படம்.
பெல்ட் தோளை அறுத்தது, பழக்கமில்லை.
நெத்திலிக்கும் குறுக்கே ஒன்று போட்டிருந்தேன்.
காற்று வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்தது.
பச்சை எரிந்தது.
காலை எடுத்தேன்.
பெடலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில்
அப்படியே வைத்திருந்தேன்,
பேருந்து நகரும்வரை.